பஸ் இந்தப் பக்கம் வரட்டும்

சாம்பல் புதனன்று வரிசையில் நின்ற எல்லாரும் நெற்றியைக் காட்டினார்கள். செசிலி காட்டவில்லை. பாதர் இருதயராஜ் கிண்ணத்துச் சாம்பலில் கட்டைவிரலைத் தோய்த்து, மண்ணிலிருந்து வந்தவர்கள் மண்ணுக்கே திரும்புவோம் என்பதை நினைவூட்டும் வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டே கையை நீட்டினார். அவள் அந்தக் கையை மணிக்கட்டோடு பிடித்து நிறுத்திவிட்டாள்.

"எனக்கு ஞாபகப்படுத்த வேணாம் சாமி. போன வாரம்தான் எம் பொண்ணு மேல மண்ணு அள்ளிப் போட்டுட்டு வந்தேன். மறக்கல."

பாட்டுப் பாடிக்கொண்டிருந்த பெண்கள் பாதி வரியில் நின்றுபோனார்கள். செசிலி கையை விட்டுவிட்டுத் திரும்பி, நடுவழியாகவே நடந்து வெளியே போனாள். சூசைப்பட்டி கோயிலில் அப்படி யாரும் பாதியில் போனதில்லை.

அந்த வருடம் சாம்பல் புதன் காதலர் தினத்தில் வந்து விழுந்திருந்தது. செசிலி ஓசூர்ப் பக்கம் ஒரு ரோஜாத் தோட்டத்தில் வேலை செய்பவள். பூ விமானம் ஏறுகிற அந்த வாரங்களில், பிளாஸ்டிக் கூரை போட்ட பாலிஹவுஸுக்குள் யாருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. மொட்டாக வெட்ட வேண்டும், கீழ் முள்ளைச் சீவ வேண்டும், கட்டுக் கட்டாக அட்டையில் சுற்ற வேண்டும். அந்த ஓட்டத்துக்கு நடுவில்தான் அவளுடைய ஒரே மகள் லீமா செத்துப்போனாள். அடக்கம் முடிந்து லீவு கேட்டு போன் செய்தபோது சூப்பர்வைசர் பையன் தயங்கித் தயங்கி, "பதினாலாம் தேதி கழிச்சு எடுத்துக்கறீங்களாக்கா?" என்று கேட்டான்.  அவள் போனை வைத்தாள். பிறகு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த உலையைத் தூக்கி வாசலில் கொட்டினாள். அன்றைக்குப் பிடித்த கோபம் அவளை விடவே இல்லை.

சாம்பல் புதன் சாயங்காலம் பாதர் வீட்டுக்கு வந்தார். ஊருக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத இளம் சாமியார், திண்டிவனம் பக்கத்துக்காரர். யாரையும் கடிந்து பேசத் தெரியாது. பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டார்.

"செசிலிம்மா, நான் கோவிச்சுக்கிட்டு வரல. தவக்காலத்துல ஆளுக்கு ஒண்ண விடுறோம். நீங்க இந்தக் கோவத்தை ஆண்டவர்கிட்ட ஒப்புக்கொடுத்துடுங்களேன். இது உங்களையே அரிச்சுடும்."

"கறிய வுட்டாச்சு சாமி. தலைக்கு எண்ணெ வெக்கறத வுட்டாச்சு. தூக்கம் நானா வுடல, அதுவா போச்சு. இந்தக் கோவம் ஒண்ணுதான் காலைல என்னை எழுப்பி நிக்க வெக்கிது. அதையும் புடுங்கிக்கினு போவணுமா உங்களுக்கு?"

"யார் மேலம்மா அவ்ளோ கோவம்?"

"அடிச்சவன் மேல. கம்பெனிக்காரன் மேல. ரோடு போட்டவன் மேல. எம் புருஷன் மேல. உங்க மேல." கூரையைக் காட்டினாள். "மேல இருக்கறாரே, அவர் மேலயும்."

 பாதர் ஜெபம் சொல்லாமலே எழுந்து போனார்.

சூசைப்பட்டி, கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் பெரிய ரோட்டின் வலதுகைப் பக்கம் இருக்கிறது. ஓசூர் கம்பெனி பஸ்கள் இடதுகைப் பக்கம் வந்து நிற்கும். சாயங்காலம் திரும்புகையில் ஊர்ப் பக்கமே இறக்கிவிட்டுவிடும், தொந்தரவில்லை. காலையில்தான் வினை. முதல் ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள் விடிவதற்கு முன்னால் அந்த ரோடு முழுவதையும் ஓடித் தாண்ட வேண்டும். லீமா டிப்ளமா முடித்துவிட்டு, கார்களுக்கு ஒயர்க் கட்டு செய்யும் கம்பெனி ஒன்றில் வேலைக்கிருந்தாள். அன்றைக்குப் பனி ஆளை மறைத்தது. அந்தப் பக்கம் பஸ் ஹாரன் அடித்தது. லேட்டானால் அரை நாள் சம்பளம் போய்விடும் என்று ஓடினாள். ஓசூர்ப் பக்கமிருந்து வந்த கண்டெய்னர் லாரி அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. பின்னால் வந்த சக்திதான், லீமாவோடு ஒரே லைனில் வேலை செய்கிற பெண், ஓடி வந்து கதவைத் தட்டினாள்.

சாவுக்குப் பின்னால் ரோட்டுக்காரர்கள் ஒரு நாள் ஜேசிபியோடு வந்தார்கள். மேம்பாலம் கட்டவா, சிக்னல் வைக்கவா என்று ஊர் கூடிப் பார்த்தது. டிவைடரில் ஆள் நுழைகிற இடைவெளியை இடுப்புயர கான்கிரீட் கட்டைகளைப் போட்டு அடைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து பெண்பிள்ளைகள் சுடிதாரை முட்டிவரை தூக்கிப் பிடித்துக்கொண்டு கட்டை மேல் ஏறிக் குதித்து ஓடினார்கள். முன்னே ஓடித் தாண்டினால் போதும். இப்போது ஏறவும் வேண்டியிருந்தது.

செசிலியின் புருஷன் ராயப்பன் லாரி டிரைவர். அடக்கத்துக்கு மூன்றாம் நாள் காரியம் முடிந்ததுமே வண்டி எடுத்துக்கொண்டு போனவன், ஊர்ப் பக்கமே தலைகாட்டவில்லை. எப்போதாவது போன் செய்வான். "சாப்பிட்டியா" என்பான். "நீ லாரிக்காரன்தானே, எல்லாரும் ஒரே சாதிதானே" என்று அவள் ஒரு நாள் கத்தினாள். அவன் போனை வைக்கவில்லை. அவள் கத்தி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தான். அதுவும் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

ஊரில் எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். ஆண்டவருக்குப் பிடித்த பூவை முதலில் பறித்துக்கொண்டார் என்று ஒரு பெண் சொன்னபோது செசிலி, "பூ பறிக்கிறவ நானு. எதைப் பறிக்கணும், எதை வுடணும்னு எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியலன்னா என்கிட்ட வந்து கத்துக்கச் சொல்லு" என்றாள். அதன் பிறகு ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

மாதேஸ்வரி மட்டும் வந்தாள். மேலத் தெருக்காரி, சின்ன வயசு. அவள் புருஷன் மணிவேல் பால் கேனோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அதே இடத்தில் ரோட்டைத் தாண்டும்போது போன வருடத்துக்கு முந்தின வருடம் செத்துப்போனவன். அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, பஸ்ஸு இந்தப் பக்கம் வந்தா இன்னா?" என்றாள். "ஓசூர்ப் பக்கம் தூரமா இருக்கற பாலத்துக்கு அடியில வளைஞ்சு சர்வீஸ் ரோட்டுல வந்துட்டுப் போனா யாரும் தாண்டவே வேணாமே. எங்கூட்டுக்காரரு பால் ஊத்தப் போனவரு, பஸ்ஸு திரும்பினாலும் அவரு தாண்டித்தான் ஆவணும். கம்பெனிப் பொண்ணுங்களுக்கு ஒரு பஸ்ஸு திரும்பினா போதுமே."

செசிலி அவளை வெறித்துப் பார்த்தாள். தன் மகள் செத்ததற்குக் காரணம் பனியுமல்ல, விதியுமல்ல, ஒரு பஸ் திரும்பாததுதான் என்று அதுவரை யாரும் அவளிடம் இவ்வளவு நேராகச் சொன்னதில்லை.

மறுநாளே இரண்டு பேரும் கம்பெனி கேட்டுக்குப் போனார்கள். செக்யூரிட்டி உள்ளே போன் போட்டுக்கொண்டே இருந்தான். வெயில் ஏறிய பிறகு டிரான்ஸ்போர்ட் பார்க்கிற பாலாஜி வந்தான். கழுத்தில் ஐடி கார்டு, கையில் இரண்டு தண்ணீர் பாட்டில். அவனே மூடியைத் திறந்து கொடுத்தான்.

"மேடம், உங்க லாஸ் எங்களுக்குப் புரியுது. ஆனா இன்சிடென்ட் கம்பெனிக்குள்ள நடக்கல."

"பஸ்ஸு யாருது?"

"அது கான்ட்ராக்ட் மேடம். வெளி ஆளுங்க."

"அதுல ஏறிப் போறவங்க?"

"எங்க ஸ்டாஃப்தான்..."

"அப்ப இந்தப் பக்கம் வந்து ஏத்திக்கினு போவச் சொல்லு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

பாலாஜி பொறுமையாகச் சொன்னான். பாலத்தில் வளைந்து ஊருக்குள் வந்து போக பத்து நிமிஷம் கூடும். அடுத்தடுத்த ஸ்டாப்பெல்லாம் தள்ளிப்போகும். ஷிஃப்ட் தொடங்க லேட்டானால் லைன் நிற்கும். ரூட்டை மேலே முடிவு செய்கிறார்கள்.

"பத்து நிமிஷம் முன்னாடியே வண்டிய எடுக்கச் சொல்லேன்," என்றாள் மாதேஸ்வரி.

"அதுக்கும் ஒரு ப்ராசஸ் இருக்குங்க."

செசிலிக்குக் காதுமடல் சுட்டது. "சானமாவு காட்டுல ஆனை ரோட்டைத் தாண்டுனா ரெண்டு பக்கமும் வண்டிய நிறுத்தி வெக்கறாங்க. ஃபாரஸ்ட்காரன் டார்ச் அடிச்சுக்கினு நிக்கிறான். கார்ல போறவன் எறங்கி போட்டோ புடிக்கிறான். ஒருத்தனும் லேட்டாவுதுன்னு சொல்றதில்ல. எம் பொண்ணு ஆனையாப் பொறக்கலையேப்பா. ஒரே ஒரு பஸ்ஸைத் திருப்பச் சொல்லி அவ செத்தப்புறம் வந்து நானு கேக்கறேன்."

அவன் முகம் சுண்டிப்போனது. "எனக்கும் தங்கச்சி இருக்கும்மா," என்று முணுமுணுத்தான். மேடத்தை விட்டுவிட்டு அம்மா என்று சொன்னதை அவனே கவனிக்கவில்லை. ஆனால் பஸ்ஸைத் திருப்புகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது செசிலி பாட்டிலை பஸ் ஜன்னல் வழியாக வீசி எறிந்தாள். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது வந்திருக்கலாம்.

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் சிலுவைப்பாதை நடக்கும். சுவரில் வரிசையாக மாட்டிய படங்களுக்கு முன்னால் நின்று நின்று, ஏசு சாவுக்குப் போன வழியை ஜெபித்துக்கொண்டே போவார்கள். செசிலி போவதில்லை என்றுதான் இருந்தாள். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் கால் தானாகப் போனது. கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள், வாய் திறக்க மாட்டாள்.

ஒரு வெள்ளி, நாலாம் தலத்துக்கு வந்தார்கள். சிலுவை சுமந்து வரும் மகனைத் தாய் வழியில் சந்திக்கிற இடம். படத்தில் மாதா நீல முக்காட்டோடு, இரண்டு கையும் கூப்பி, கண்ணை மேலே தூக்கி நின்றாள். செசிலி எழுந்தாள்.

"அந்தம்மா இப்படியா நின்னுக்கினு இருந்திருப்பா?" என்றாள். குரல் கோயில் முழுக்கக் கேட்டது. "பெத்த புள்ளைய அடிச்சு இழுத்துக்கினு போறாங்க. கை கூப்பிக்கினு நிப்பாளா? இதை வரைஞ்சவன் ஆம்பளையாத்தான் இருக்கணும். அவ கத்தியிருப்பா. பட்டாளத்துக்காரன் சட்டையப் புடிச்சிருப்பா. அதை யாரும் எழுதி வெக்கல, அவ்ளோதான்."

சொல்லிவிட்டு வெளியே வந்தாள். நேராக ரோட்டுக்குப் போய்விட்டாள். கோயிலுக்கும் ரோட்டுக்கும் கூப்பிடு தூரம்தான். வண்டிகள் கிழித்துக்கொண்டு போயின. ஓரமாக நடந்தாள். மணிவேல் விழுந்தது இந்தப் புளியமரத்துக்கு எதிரே. அதற்குக் கொஞ்சம் தள்ளி வெங்கடப்பன் மாடு ஓட்டிக்கொண்டு வந்து மாட்டோடு போனது. டீ குடிக்கத் தாண்டிய தெருக்காரி சுகுணாவின் மாமனார். கட்டட வேலைக்கு வந்த வடக்கத்திப் பையன், பெயர்கூட யாருக்கும் தெரியாது. அப்புறம் லீமா. ஒவ்வொரு இடமாக நின்று நின்று போனாள். பாதி வழியில்தான் தான் செய்துகொண்டிருப்பது என்ன என்று அவளுக்குத் தெரிந்தது. இதுவும் ஒரு சிலுவைப்பாதைதான்.

திரும்பி வந்தபோது ஜெபம் முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். அவள் வாசற்படியில் ஏறி நின்றாள்.

"அடுத்தது செவுத்துல வேணாம் சாமி. ரோட்டுல நடத்துங்க. செத்த எடம் ஒவ்வொண்ணும் ஒரு தலம். காலைல பஸ்ஸு வர்ற நேரத்துக்கு."

பாதர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். நல்ல மனுஷன், ஸ்டேஷனுக்குப் போய் முறைப்படி கேட்கவும் செய்தார். தேர்தல் அறிவித்தாகிவிட்டது, ஊர்வலம் எதுவும் கூடாது, அதுவும் பெரிய ரோட்டில் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள் என்று இன்ஸ்பெக்டர் அனுப்பிவிட்டார். பாதர் வந்து செசிலியிடம் சொன்னார். "பர்மிஷன் இல்லாம எப்படிம்மா? கோயில் வளாகத்துக்குள்ளயே பெரிசா செஞ்சுடலாம்."

"தெனம் விடியக்காலம் எங்க பொண்ணுங்க அந்த ரோட்டைத் தாண்டுறாங்களே, அதுக்கு யாரு சாமி பர்மிஷன் குடுத்தா?"

பாதர் கிளம்ப எழுந்தார்.

"நீங்க வர்லன்னாலும் நானு போவேன். எனக்கு ஜெபம் சரியா வராது. கத்தத்தான் வரும். கத்திக்கினே போறேன்."

குருத்து ஞாயிறுக்கு முந்தின வெள்ளி. இருட்டு இன்னும் பிரியவில்லை. செசிலி கோயில் வாசலுக்கு வந்தபோது முப்பது நாற்பது பேர் நின்றார்கள். மேலத் தெருவிலிருந்து மாதேஸ்வரியோடு இன்னும் நிறைய பேர் வந்துகொண்டிருந்தார்கள். மாரியம்மனையும் முனீஸ்வரனையும் கும்பிடுகிற வீட்டுக்காரர்கள். வெங்கடப்பனின் பெண்டாட்டி வெங்கடம்மா செருப்பைக் கழற்றிக் கோயில் மதிலோரம் வைத்துவிட்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றாள். கோயிலுக்குள்ளிருந்து பாதர் வெள்ளை அங்கியோடு வெளியே வந்தார். கையில் ஜெபப் புத்தகம். "முன்னாடி நான் நடக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

தூக்கிப் போக எடுத்து வைத்திருந்த மரச்சிலுவை கனமாக இருந்தது. மாதேஸ்வரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நானு தூக்கலாமா அக்கா? நானு வேற சாமி கும்புடறவ."

"ஏசுவுக்குச் சிலுவையத் தூக்கிவுட்டவனும் வழியில போனவன்தான்," என்றாள் செசிலி. "புடி."

ரோட்டில் கால் வைத்ததும் எல்லாருக்கும் பயம் தொட்டுவிட்டது. சர்வீஸ் ரோட்டோடு நின்றுவிடலாம் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். செத்தவர்கள் சர்வீஸ் ரோட்டில் சாகவில்லை என்று சொல்லிவிட்டு செசிலி தார் ரோட்டில் ஏறினாள். ஓசூர்ப் பக்கமிருந்து வரும் வண்டிகளின் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. மெழுகுவர்த்தி ஒவ்வொன்றாக அணைந்தது. புளியமரத்துக்கு எதிரே முதலில் நின்றார்கள். பாதர் வாசித்தார். முடித்ததும் மாதேஸ்வரி சிலுவையைத் தோளில் வைத்துக்கொண்டே, "மணிவேல்," என்றாள். "பால் ஊத்திட்டு வந்தாரு. அடிச்ச காரு நிக்கல." இதற்கு என்ன மறுமொழி சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. வழக்கமாகச் சொல்லும் "எங்கள் மேல் இரக்கமாயிரும்" என்பதைச் சொன்னார்கள். மேலத் தெருக்காரர்களும் கேட்டுக் கேட்டுச் சேர்ந்து சொன்னார்கள்.

கர்நாடகா நம்பர் போட்ட கார் ஒன்று கிட்டத்தில் வந்து கீச்சென்று நின்றது. ஓட்டியவன் தலையை வெளியே நீட்டி, "ஏனு தமாஷா இது? ஜாகா பிடி!" என்று வழிவிடச் சொல்லிக் கன்னடத்தில் கத்தினான். பின்னால் ஹாரன்மேல் ஹாரன். ஒரு வேன் ஆட்களை உரசிக்கொண்டு ஒதுங்கிப் போனது. வெங்கடம்மா அலறிக்கொண்டு ஓரத்துக்குத் தாவினாள். கூட்டம் சிதறப் பார்த்தது. பாதர் புத்தகத்தை மூடிவிட்டார்.

அப்போதுதான் அந்த லாரி வந்தது. நாலு மூலையிலும் விளக்கு சிமிட்டிக்கொண்டு, மாடு நடக்கிற வேகத்தில் வந்து, கூட்டத்துக்கும் மற்ற வண்டிகளுக்கும் நடுவே மறித்தாற்போல் நின்றது. பின்னால் வந்த ஹாரன் முழுவதையும் அதுவே வாங்கிக்கொண்டது. செசிலிக்கு அந்த வண்டியைத் தெரியும். முகப்புக் கண்ணாடிக்கு மேல் அந்தோணியார் படம். டிரைவர் சீட்டில் ராயப்பன், அவள் போனில் கத்திச் சொன்ன நாளையும் நேரத்தையும் நினைவு வைத்து வந்திருந்தான். தாடி வளர்ந்து பாதி ஆளாகியிருந்தான்.

அவன் இறங்கவில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, போங்கள் என்று காட்டினான். அவர்கள் நடந்தார்கள். லாரி பின்னாலேயே ஊர்ந்தது. யாராவது தாண்டிப்போகப் பார்த்தால் வண்டியை அந்தப் பக்கம் ஒடித்தான். அவர்கள் நின்ற இடத்திலெல்லாம் நின்றான்.

லீமா விழுந்த இடத்தில் பாதர் ஒதுங்கி வழிவிட்டார். செசிலி தானே சொன்னாள். "லீமா ரோஸ். இருவத்திரெண்டு வயசு. பஸ்ஸு அந்தப் பக்கம் நின்னுது."

சொல்லி முடிக்கவும் அந்தப் பக்கம் பஸ் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. ஹாரன் அடித்தது, ஒவ்வொரு நாளும் அடிப்பதுபோலவே. ஷிஃப்ட்டுக்குப் போகும் பெண்கள் பையும் சாப்பாட்டு டப்பாவுமாகக் கூட்டத்தோடு நின்றார்கள். ஒருத்தி பழக்கத்தில் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டாள். சக்தி அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நாங்க இங்கயேதான் நிக்கிறோம்!" என்று அந்தப் பக்கம் பார்த்துக் கத்தினாள். "பஸ்ஸு இந்தப் பக்கம் வரட்டும்!"

பஸ் டிரைவர் கோபி கதவைத் திறந்து படியில் நின்று பார்த்தான். கையால் வா வா என்றான். யாரும் அசையவில்லை. போனை எடுத்துக் காதில் வைத்தான். பேசினான், கையை விரித்தான், மறுபடி பேசினான். பிறகு ஏறி உட்கார்ந்து கதவை மூடினான். பஸ் கிளம்பி ஓசூர்ப் பக்கம் போய்விட்டது.

"போச்சு, இன்னிக்கு ஆப்சென்ட்டு," என்று ஒரு பெண் அழுகிற மாதிரி சொன்னாள்.  மாதேஸ்வரி சிலுவையைக் கீழே ஊன்றி அதன்மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். செசிலி போன பஸ்ஸின் சிவப்பு விளக்கையே பார்த்தாள். உள்ளே எரிந்துகொண்டிருந்தது எல்லாம் ஒரேயடியாகக் கரியாகிவிடும் போலிருந்தது.

"அக்கா, அங்க பாரு," என்றாள் சக்தி.

பாலத்துக்கு அடியில் வெளிச்சம் திரும்பியது. திரும்பி, சர்வீஸ் ரோட்டுக்கு வந்து, குண்டும் குழியுமான மண்ணில் ஆடி ஆடி, அந்தப் பஸ் ஊரை நோக்கி வந்தது. பெண்கள் கூச்சல் போட்டார்கள். யாரோ கை தட்டினார்கள். பஸ் வந்து கோயில் சந்து முனையில் நின்றது. கோபி கதவைத் திறந்து, "எக்கண்டி அம்மா, சீக்கிரம் எக்கண்டி," என்று ஏறச் சொல்லித் தெலுங்கில் அவசரப்படுத்தினான்.

செசிலிக்குச் சந்தோஷம் வரவில்லை. அதுவரை வந்த கோபமெல்லாம் ஒன்றுமில்லை என்பதுபோல் ஒரு கோபம் வந்தது. ஓடிப்போய் பஸ்ஸின் பக்கவாட்டில் இரண்டு கையாலும் அறைந்தாள்.

"இவ்ளோதானா? இவ்ளோதானாடா? ஒரு திருப்பு திருப்பறதுக்கு எம் பொண்ணு சாவணுமாடா?"

தகரம் அதிர்ந்தது. கோபி இறங்கி வந்தான். தடுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "அன்னிக்கு ஹாரன் அடிச்சது நான்தான் அக்கய்யா," என்றான். அவள் கை ஓங்கியபடியே நின்றுபோனது. பிறகு அந்தக் கையாலேயே அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். லீமா செத்த நாளிலிருந்து அழுதிராதவள், ஊரே பார்க்க அழுதாள்.

போலீஸ் ஜீப் வந்தபோது பஸ் போய்விட்டிருந்தது. யார் தலைமை என்று எஸ்.ஐ. கேட்டார். பாதர் முன்னால் வந்தார். கோயில் நிகழ்ச்சி, தான்தான் நடத்தினேன் என்று சொன்னார். நாக்கு இரண்டு முறை குழறியது, ஆனாலும் முழுவதையும் சொல்லி முடித்தார். அவர்மேலும், ராயப்பன்மேலும், பெயர் தெரிந்த இன்னும் சிலர்மேலும் வழக்குப் பதிவானது. செசிலியின் பெயரை விட்டுவிட்டார்கள். மகளைப் பறிகொடுத்தவள் என்று எஸ்.ஐ. இரக்கப்பட்டாராம். அதற்கும் அவள் ஸ்டேஷன் வாசலில் நின்று சண்டை போட்டாள்.

சனிக்கிழமை பஸ் பழையபடி அந்தப் பக்கமே நின்றது. பெண்கள் தாண்டவில்லை. வெகுநேரம் ஹாரன் அடித்துவிட்டு வளைந்து வந்தது. திங்கட்கிழமை ஹாரன் அடிக்காமல் நேராக ஊருக்குள்ளேயே வந்தது. கம்பெனியிலிருந்து உத்தரவு எதுவும் வரவில்லை. "பண்ணுன்னும் சொல்லல, பண்ணாதேன்னும் சொல்லல," என்றான் கோபி. "பாலாஜி சார் பத்து நிமிஷம் முன்னாடி வண்டிய எடுன்னு மட்டும் சொன்னாரு."

ராயப்பன் ஜாமீனில் வந்து வீட்டில் இருந்தான். அவனும் அவளும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஒரு நாள் காலையில் அவள் கண் விழித்தபோது அவன் இருட்டில் உட்கார்ந்திருந்தான்.

"இந்த நேரத்துக்குத் தானா முழிப்பு வந்துடுது," என்றான். "எங்க இருந்தாலும். அதான் ஊட்டுல இருக்க முடியல."

"எனக்கும்தான்," என்றாள் அவள். "அதுக்கு என்னைத் தனியா வுட்டுட்டுப் போவியா?" கேட்கும்போது கோபமாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு அடுப்பைப் பற்ற வைத்து இரண்டு டம்ளரில் டீ போட்டாள். சந்து முனையில் பஸ் வந்து, பெண்கள் ஏறி, போகிற சத்தம் கேட்கும்வரை இரண்டு பேரும் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

பெரிய வெள்ளியன்று மதியம் வழிபாட்டுக்கு ஊர் முழுக்கக் கோயிலில் இருந்தது. முடிந்து வெளியே வந்தபோது வேப்பமரத்து நிழலில் நாலைந்து பெண்கள் நின்றார்கள். பூவும் பொட்டும் வைத்தவர்கள், யாருக்கும் தெரியாத முகம். பாதர் போய் என்ன வேண்டும் என்று கேட்டார். சூளகிரிக்கு அந்தப் பக்கம் ரோட்டோரத்து ஊர் என்றார்கள். அவர்களில் மூத்தவள் கூச்சத்தோடு ஆரம்பித்தாள்.

"எங்க ஊர்லயும் அந்தப் பக்கமேதான் நிக்கிது சாமி, வேற கம்பெனி வண்டி. உங்க ஊர்ல மரத்தத் தூக்கிக்கினு ரோட்டுல போனீங்களாம், வண்டி திரும்பிச்சாம். அந்த மரத்த ஒரு நாளைக்குக் குடுப்பீங்களா? பத்திரமா கொண்டாந்து வுட்டுடறோம்."

 அன்றைக்குத்தான் ஊரே வரிசையில் நின்று முத்தமிட்ட சிலுவை அது. பாதர் செசிலியைப் பார்த்தார். மாதேஸ்வரியும் செசிலியைப் பார்த்தாள்.

செசிலி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். ஒட்டிய கன்னம், கண்ணுக்குக் கீழே கருப்பு. அந்தக் கருப்பு எப்படி வரும் என்று செசிலிக்குத் தெரியும்.

"அது வரும், நானே எடுத்துக்கினு வரேன். எம் புருஷன் லாரிய கொண்டாருவான்," என்றாள். குரலில் இன்னும் அதே காரம்தான் இருந்தது. வேரின்மேல் உட்கார்ந்து, பக்கத்தில் இடம் காட்டினாள். "ஒங்க ஊர்ல யார் யாரு செத்தாங்க, அத மொதல்ல சொல்லு. யாரையும் வுட்டுடாத."

அந்தப் பெண் உட்கார்ந்து முதல் பெயரைச் சொன்னாள்.